படம் அழகாக இருந்தது, யாரும் நடைக்கு வரவில்லை: மொரீஷியஸில் ஒரு தமிழ்ப் பறவைக் குழுவின் காட்சி உரைகள்

ரோஸ் ஹில் பக்கம் ஒரு சங்கக் கூடத்தில், பறவை பார்க்கும் சிறு குழு ஒன்று மாதம் ஒருமுறை தமிழில் படக்காட்சியோடு உரை நடத்துகிறது. நான் அங்கே பேசுபவன் அல்ல. ப்ரொஜெக்டரைத் தூக்கி வருவதும், நாற்காலி போடுவதும், சுவரில் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் கட்டுவதும் என் வேலை. அதன் பிறகு பின்வரிசையில் நின்று திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்து பார்த்ததைக் கொண்டு எழுதும் ஆய்வு இது. கேள்வி ஒன்றுதான். நல்ல படங்கள் இருந்தன, விஷயம் தெரிந்த பேச்சாளர்கள் இருந்தார்கள், கைதட்டலும் கிடைத்தது. அப்படியிருந்தும் மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை குழு நடத்தும் பறவை பார்க்கும் நடைக்கு ஏன் ஆள் வரவில்லை? பிறகு எதனால் வரத் தொடங்கினார்கள்?

கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. மொரீஷியஸ் தமிழர்களில் வீட்டில் தமிழ் பேசுவோர் இன்று மிகக் குறைவு. எல்லோருக்கும் பொதுவான மொழி கிரியோல். தமிழில் உரை என்று அறிவித்தால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வருவார்கள், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் வருவார்கள், கோயில் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒன்றிரண்டு குடும்பங்கள் வரும். கொஞ்ச நேரம் தமிழ் காதில் விழட்டும் என்பதற்காகவே வரும் முதியவர்களும் உண்டு. இடைவேளையில் சூடாகக் கிடைக்கும் காத்தோ பிமா என்ற மிளகாய் வடைக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. பறவைக்காகவே வருபவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தைப்பூசக் காவடி விரத நாள்களில் கூடமே வெறிச்சோடும். அந்த மாதம் உரையே வைப்பதில்லை.

கிரெசெரெல் மாலை

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த முதல் உரை கிரெசெரெல் பற்றியது. மொரீஷியஸ் தீவுக்கே உரிய சிறு வல்லூறு அது. 2022இல் நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. கதையும் சொல்லச் சொல்ல இனிக்கும் கதைதான். 1974இல் காட்டில் இருப்பதாக அறியப்பட்டவை நான்கே நான்கு பறவைகள். காடு வெட்டப்பட்டுக் கரும்பாகவும் தேயிலையாகவும் போனது, கப்பல்களில் வந்த எலி, பூனை, குரங்கு, கீரி ஆகியவை கூடுகளைச் சூறையாடின, மிஞ்சியதை டி.டி.டி. பூச்சிமருந்து முடித்துக்கொண்டிருந்தது. 1979இல் வேல்ஸிலிருந்து வந்த கார்ல் ஜோன்ஸ், முதல் ஈட்டு முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்து அடைகாப்புப் பெட்டியில் பொரிக்க வைத்தார். முட்டையை இழந்த தாய் மறுபடி இட்டது. அப்படி வளர்ந்த குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். 1990களின் நடுவில் விடுவதையே நிறுத்தும் அளவுக்கு எண்ணிக்கை ஏறியது.

பேசிய இளைஞர் காட்டு வேலையில் தன்னார்வலராக இருந்தவர். படங்கள் ஒவ்வொன்றும் காலண்டரில் போடலாம் போலிருந்தன: கண்ணுக்கு முழுத்திரையும் கொடுத்த நெருக்கப் படம், அலகில் பச்சைப் பல்லியோடு கிளையில் இறங்கும் பறவை, பாறைப் பொந்தில் பஞ்சு போல மூன்று குஞ்சுகள். படம் மாறும்போதெல்லாம் ‘ஆ’ என்ற ஒலி எழுந்தது. முடிவில் நீண்ட கைதட்டல். அந்த வார நடைக்கு வந்தவர்கள் வழக்கமாக வருபவர்கள் மட்டுமே.

பின்வரிசையிலிருந்து பார்த்தபோது இரண்டு விஷயங்கள் பட்டன. முதலாவது, கூட்டம் நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்தது ஒரே இடத்தில்தான். அது பறவைப் படம்கூட இல்லை. மலேரியா ஒழிப்புக்காக வீட்டுக்கு வீடு மருந்தடித்த காலத்தைக் காட்டும் எளிய வரைபடம் ஒன்று. இந்தத் தீவு மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 1973இல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் டி.டி.டி. தெளிப்பை, அங்கே உட்கார்ந்திருந்த எழுபது வயதுக்காரர்கள் தங்கள் வீட்டுச் சுவரிலேயே பார்த்தவர்கள். ‘ஆள் வந்து அடித்துவிட்டுப் போவான், சுவரில் வெள்ளைப் பூத்திருக்கும்’ என்று ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுத் தன் கதையைத் தொடங்கினார். மருந்து பூச்சியிலிருந்து பல்லிக்கும், பல்லியிலிருந்து வல்லூறுக்கும் ஏறி முட்டையோட்டை மெலிதாக்கும் என்ற விளக்கத்துக்கு அதைவிட நல்ல வாசல் கிடைக்காது. பேச்சாளருக்கு அது மூச்சு வாங்கும் நேரத்தில் கடந்துபோகும் படம். அடுத்த குஞ்சுப் படத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது, தேநீர் வேளையில் ஒரு அம்மா கேட்ட கேள்வி. “தம்பி, நாலு நானூறானது சந்தோஷம். என் மாமரத்தில் விடியற்காலையில் கொண்டையை ஆட்டிக்கொண்டு கத்துகிறதே, அது என்ன?” கோந்தேதான் அது, கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் உள்ள சின்னான். தம்பி மரியாதையாகவே பதில் சொன்னார்: “அது வெளியிலிருந்து வந்த பறவை அம்மா, அவ்வளவு முக்கியமில்லை.” அம்மா பையை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பிவிட்டார். தினமும் பார்க்கிற ஒரே பறவை முக்கியமில்லை என்றால், அவர் ஏன் ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு வர வேண்டும்?

உரையில் வேறொரு குறையும் இருந்தது. எண்ணிக்கை ஏறும் கோட்டை வெற்றியில் நிறுத்திவிட்டார்கள். 2014இல் இந்தப் பறவை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் ‘அழியும் நிலை’ப் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டது, பெருகிய எண்ணிக்கை நிலைக்கவில்லை, வாழ ஏற்ற காடு போதாமல் சில நூறோடு நின்றுவிட்டது. ஒரு மாணவி எழுந்து இதைக் கேட்டபோது கூட்டத்தில் சங்கடமான அமைதி. என் கணிப்பில் அந்த மாலையின் மிக நல்ல கேள்வி அதுதான். சுபமாக முடிந்த கதையைக் கேட்டவனுக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. வீட்டுக்குப் போகலாம்.

மோசமான படங்களின் பலன்

அதன்பின் குழுவில் நடந்த வாக்குவாதத்தை முழுவதும் எழுதினால் பக்கம் போதாது. முடிவு இதுதான்: அடுத்த உரையில் விலையுயர்ந்த கேமராப் படம் ஒன்றுகூட இருக்காது. உறுப்பினர்கள் கைபேசியில் எடுத்த, வெயிலுக்கு எதிராக எடுத்ததால் கறுத்துப்போன, கிளை மறைத்த, பாதி வால் மட்டும் தெரியும் படங்களே திரையில் வரும். பேச்சாளர் பெயரைச் சொல்ல மாட்டார். படம் வந்ததும் ‘என்ன தெரிகிறது?’ என்று மட்டும் கேட்பார்.

இது விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் காட்டில் பறவை அப்படித்தான் தெரியும். முழுத்திரையில் வல்லூறின் கண்ணைப் பார்த்துப் பழகியவன், பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் மரஉச்சிக்கு மேல் அரைநொடி தோன்றி மறையும் புள்ளியைப் பார்த்து ஏமாந்து திரும்புவான். மங்கலான படத்தில் வாலின் நீளத்தையும் இறக்கையின் வடிவத்தையும் பிடிக்கக் கற்றவன் அந்த அரைநொடியில் மகிழ்வான். அழகிய படம் பறவையை வியக்கப் பழக்கும். மோசமான படம்தான் பறவையைப் பார்க்கப் பழக்கும். குழுவின் அனுபவத்தில் நான் அடித்துச் சொல்லக்கூடியது இது ஒன்றே. படக்கலைஞர்களான நண்பர்கள் இன்னும் என்னோடு கோபமாக இருக்கிறார்கள்.

அந்த மாலையின் பொருள் வீட்டுத் தோட்டம். அம்மாவின் கோந்தேயிலிருந்து தொடங்கினார்கள். 1892 வாக்கில் ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த பறவை அது. மார்தேன் என்று இங்கே சொல்லும் மைனா இன்னும் பழையது; வெட்டுக்கிளியை ஒழிப்பதற்காக 1762இல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஓர் உயிரை அடக்க வேறோர் உயிரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோன முதல் முயற்சிகளில் ஒன்றாக அறிவியலாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரரான லபூர்தொனே இங்கே ஆளுநராக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயிஸ் நகரைக் கட்ட வந்து சில பத்தாண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. செந்நிறக் கார்தினால் மடகாஸ்கரிலிருந்து வந்தது. மஞ்சள் தூக்கணாங்குருவியினம் ஆப்பிரிக்காவிலிருந்து. கூரையில் கூடுகட்டும் சிட்டுக்குருவியும் வெளியூர்தான்.

இங்கே ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். “எல்லாம் வந்ததுகள் என்கிறீர்கள். அப்படியானால் நாங்களும் வந்தவர்கள்தானே?” கூடம் சிரித்தது, ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு முள் இருந்தது. ஒப்பந்தக் கூலிகளின் பேரன் பேத்திகளுக்கு முன்னால் நின்று ‘வந்தேறிப் பறவை’ என்று வெறுப்போடு பேசுவது எப்படிக் காதில் விழும் என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. அன்று பேசியவர் நிதானமானவர். இந்தத் தீவில் பூர்வகுடி என்று யாருமே இல்லை, டச்சுக்காரர்கள் 1598இல் இறங்கியபோது ஆளில்லாத் தீவு, ஆகவே மனிதர்களில் எல்லோரும் வந்தவர்களே என்றார். பறவை எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம் என்றார். அதன் பிறகு எங்கள் உரைகளில் அதுவே வழக்கமானது.

தோட்டப் பட்டியலின் கடைசியில் பிக்-பிக் வந்தது. விரல் நீளமே உள்ள சாம்பல் நிறக் குருவி. கூட்டமாக வந்து செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கும். பறக்கும்போது இடுப்பில் வெள்ளை மின்னும். ‘இந்தத் தோட்டக் கூட்டத்தில் இத்தீவில் மட்டுமே உள்ள பறவை இது ஒன்றுதான்’ என்றதும் நிலவிய அமைதி கிரெசெரெலுக்குக் கிடைத்த கைதட்டலைவிடக் கனமானது. எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். காட்டுக்குப் போகாமலே, சமையலறை ஜன்னலிலிருந்தே, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிறு நடைக்குப் புதிய முகங்கள் வந்தன; கோந்தே அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டு கிளிகள்

பாடமாக எழுதிவைக்கத்தக்கது கிளி மாலை. இத்தீவில் பச்சைக்கிளி இரண்டு வகை. நம் ஊர்க் கோயில் கோபுரத்தில் கத்தும் அதே செந்தார்ப் பைங்கிளி ஒன்று. வளர்க்கக் கொண்டுவந்தது 1886 வாக்கில் தப்பிப் பெருகியது. மற்றது தீவின் சொந்தக் கிளியான எக்கோ கிளி. 1980களில் பத்துப் பன்னிரண்டு பறவைகளாக அருகி, மரப்பொந்துக்குப் பதில் கூட்டுப்பெட்டி வைத்தும், உணவு கொடுத்தும், குஞ்சுகளைக் கைவளர்த்தும் மீட்கப்பட்டது. இன்று பல நூறு. 2019இல் அதன் ஆபத்து நிலை ஒரு படி குறைந்தது. இரண்டையும் தனித்தனியே காட்டினால் எல்லோரும் ‘கிளி’ என்பார்கள், பேச்சு முடிந்துவிடும்.

அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எக்கோ கிளிக்கு வால் குட்டை, இறக்கை உருண்டை, பச்சை அடர்த்தி. பிறகு அலகு. வெளிக்கிளியில் ஆண், பெண் இரண்டுக்கும் சிவப்பு அலகு. எக்கோவில் ஆணுக்கே சிவப்பு, வளர்ந்த பெண்ணுக்குக் கறுப்பு. கடைசியாக, படத்தை அணைத்துவிட்டு இரண்டின் குரலையும் ஒலிக்க விட்டார்கள். எக்கோவின் குரல் தாழ்ந்தது, கரகரப்பானது. கூட்டத்தில் கண்பார்வை மங்கிய ஒரு தமிழாசிரியர் எல்லோருக்கும் முன்னால் சரியாகச் சொன்னார். அவர் இப்போது நடையில் எங்கள் காது.

குரலை ஒலிபெருக்கியில் போடுவது கூடத்துக்குள் மட்டும் என்பது கண்டிப்பான விதி. காட்டில் கைபேசியிலிருந்து குரல் எழுப்பிப் பறவையை வரவழைப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. கூடு காக்கும் பறவை எதிரி வந்ததாக எண்ணி அடைகாப்பை விட்டு வரும். எண்ணிக்கை குறைந்த இனத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். அதேபோல் கூட்டின் படத்தை இடம் தெரியும்படி காட்டுவதில்லை. கைபேசிப் படத்தோடு ஒட்டிவரும் இடக்குறிப்பை நீக்கிய பிறகே திரையில் போடுகிறோம்.

காலில் உள்ள வண்ண வளையங்களைப் பற்றியும் ஒரு வரி. படத்தை அழகாக்கக் கணினியில் அவற்றை அழித்துவிடும் பழக்கம் சிலரிடம் இருந்தது. ‘இளஞ்சிவப்புப் புறாவுக்கு யார் வளையல் போட்டார்கள்?’ என்று ஒரு குழந்தை கேட்ட பிறகு அது நின்றது. வளையத்தின் நிற வரிசையைக் கொண்டே ஆய்வாளர்கள் ஒவ்வொரு புறாவையும் தனித்தனி ஆளாக அடையாளம் காண்கிறார்கள்; 1990 வாக்கில் காட்டில் பத்தளவில் மிஞ்சிய இனம் மீண்டதை அவர்கள் அறிந்தது அந்த வளையங்களால்தான். அழித்தால் அது வெறும் புறாப் படம்.

வௌவால் மாலை

எல்லா உரைகளிலும் கடினமானது இது. சொல்லப்போனால் பறவையே இல்லை. கடல்வாழ் உயிர்களை விட்டால் தீவின் சொந்தப் பாலூட்டி வௌவால் மட்டுமே. மொரீஷியஸ் பகுதித் தீவுகளின் மூன்று பழவௌவால் இனங்களில் ஒன்று அற்றேபோனது. இன்னொன்று இன்று ரோட்ரிக்ஸ் தீவில் மட்டும் இருக்கிறது. மிஞ்சிய கரும்பழவௌவால் காட்டு மரங்களின் விதையைத் தூரம் கொண்டுபோய்ப் போடுகிறது. டோடோவும் பேராமையும் போனபின் பெரிய கனிகளின் விதையைப் பரப்ப அதைப்போல் ஆள் இல்லை. இது ஒரு பக்கம்.

மறுபக்கம், எங்கள் கூட்டத்தில் முற்றத்தில் லிச்சி மரமோ மாமரமோ இல்லாதவர் அரிது. நவம்பர், டிசம்பரில் லிச்சி சிவக்கும்போது ஓர் இரவில் மரத்தடி தோலும் சக்கையுமாகக் கிடக்கும். விற்பனைக்கு வளர்ப்பவருக்கு அது ஓராண்டு வருமானம். 2015இல் புதுச் சட்டம் கொண்டுவந்து அரசு வௌவால்களைச் சுட ஏற்பாடு செய்தது. அந்த முதல் வேட்டையில் கொல்லப்பட்டவை அதிகாரபூர்வக் கணக்கில் 30,000க்கு மேல். அடுத்த ஆண்டும் தொடர்ந்தது. 2018இல் அந்த இனம் ‘அழியும் நிலை’ப் பட்டியலில் சேர்ந்தது.

பேச்சாளர் தயாரித்து வந்த படவரிசை பாதி வரைகூடப் போகவில்லை. தாய் வௌவாலின் மார்பில் குட்டி ஒட்டியிருக்கும் படம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: “என் மரத்தில் ஒட்டியிருப்பதையும் காட்டுங்கள், ஐயா.” அதற்குப் பிறகு யார் யாரைப் பேச விடுவது என்றே தெரியவில்லை. ஒருவர் கொன்றது போதாது என்றார். அவருடைய மருமகள், பழத்தைக் கோந்தேயும் கிளியும் எலியும்கூடத் தின்கின்றன, பழி மட்டும் வௌவாலுக்கு என்றார். பேச்சாளர் மிகச் சரியான ஒரு காரியம் செய்தார்: ப்ரொஜெக்டரை அணைக்கச் சொல்லி விளக்கைப் போட்டார்.

அதன் பிறகு பேசியவர் வல்லுநர் அல்ல, பாம்பிளமூஸ் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். வலையை மரத்தின் மேல் சும்மா போர்த்தினால் வௌவால் சிக்கிச் சாகும், பழமும் வலையோடு ஒட்டியிருப்பதால் தின்றும் விடும் என்றார். சட்டகம் அமைத்து, பழத்திலிருந்து தள்ளி, வலையை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும்; கண்ணி சிறியதாக இருக்க வேண்டும்; அதற்கு மரத்தை ஆண்டுதோறும் கவாத்து செய்து குட்டையாக வைத்திருக்க வேண்டும். வயதான உயர்ந்த மரத்துக்கு இது நடக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர் கையால் காற்றில் வரைந்து காட்டியதைக் கூட்டம் திரையைவிடக் கவனமாகப் பார்த்தது.

ஒருவரும் அன்று மனம் மாறிப் போனதாக நான் சொல்லமாட்டேன். கோபத்தோடு வந்தவர்களில் பலர் கோபத்தோடே போனார்கள். ஆனால் அடுத்த வாரம் அந்தப் பெரியவரின் தோட்டத்துக்கு வலை கட்டுவதைப் பார்க்க ஒரு கும்பல் போனது. அந்தி சாய்ந்ததும் அதே கும்பல் வௌவால்கள் மலைக்காட்டிலிருந்து புறப்பட்டு வரும் வரிசையையும் நின்று பார்த்தது. உரையின் வேலை கேட்பவரை வீட்டுக்கு வெளியே கொண்டுவருவது என்றால், பாதியில் நின்ற அந்த உரையே எங்கள் கணக்கில் முதலிடம்.

நடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தொலைவும் ஏற்றமும் முதியவர்களுக்கு ஆகாது என்பதால் மலைக்காட்டைவிடத் தேர் ரூஜ் முகத்துவாரத்துக்கே அதிகம் போகிறோம். தலைநகரை ஒட்டிய சேற்றுநிலம். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் 2001இல் சேர்ந்த இடம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வட துருவப் பக்கத்திலிருந்து வரும் வளைந்த மூக்கு உள்ளான்களும் கல்திருப்பிகளும் அங்கே சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். கோடியக்கரையில் இதே இனங்களைப் பார்த்ததாக வேதாரண்யத்துக்காரரான ஒரு கோயில் ஊழியர் சொன்னார். பிறகு அவரே ஒரு மாலை உரையை எடுத்துக்கொண்டார், இரு கரைகளின் படங்களையும் அடுத்தடுத்து வைத்து.

சரிப்படாதவையும் உண்டு. மாணவர்கள் உரைக்கு வருகிறார்கள், தேர்வு முடிந்ததும் காணாமல் போகிறார்கள். பேச்சைத் தமிழில் வைத்துப் பறவைப் பெயரைக் கிரியோலில் சொல்வது முதியவர்களுக்கு எளிது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அது குழப்பம். திரையில் இரண்டையும் எழுதிப் பார்த்தோம். எழுத்து நிறைந்து பறவை மறைந்தது. இப்போது பெயர்களை ஒரு தாளில் அச்சிட்டு வாசலில் கொடுக்கிறோம். பாதித் தாள் காத்தோ பிமாவின் எண்ணெய் துடைக்கப் போகிறது.

வௌவால் உரையை மறுபடி வைக்க வேண்டும் என்பதில் குழுவில் கருத்து வேறுபாடு இல்லை, எப்போது என்பதில்தான். பழமெல்லாம் தீர்ந்து மனம் ஆறிய மே மாதத்தில் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். என் ஓட்டு லிச்சி சிவக்கும் நவம்பருக்கு: கோபமும் கூடவே வரும்தான், ஆனால் வலை கட்டும் காலமும் அதுதான்.